காலையில் ஒரு டம்ளர் நீராகாரம்



வெயில் ஏற ஆரம்பித்தால் போதும், நமக்கு வருகிற கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் எட்டிப் பார்க்கும். "பையனுக்கு அடிக்கடி வயிறு சரியில்லாமல் போகிறது, புரோபயாடிக் டிரிங்க் வாங்கிக் கொடுக்கலாமா? எந்த பிராண்ட் நல்லது?" சிலர் கொம்புச்சா பற்றிக் கேட்கிறார்கள். வேறு சிலருக்கு கெஃபிர் என்ற புளித்த பால் பானம் எங்கே கிடைக்கும் என்று தெரிய வேண்டும்.

பிராண்ட் பெயர் சொல்வது இந்தப் பக்கத்தின் வேலை இல்லை. ஆனால் கேள்விக்குப் பின்னால் இருக்கும் கவலை எல்லா வீட்டிலும் இருப்பதுதான். அதனால் இந்த முறை இதைக் கொஞ்சம் விரிவாகவே பேசிவிடலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல பாக்டீரியா உயிரோடு இருக்கிற பானத்தை நம் வீட்டு அடுப்படியிலேயே செய்யலாம். அதற்கு வேண்டிய பொருள்கள் பெரும்பாலான வீடுகளில் இப்போதே இருக்கின்றன. செய்கிற முறையில் ஓர் ஒழுங்கு வேண்டும்; அதனிடம் எதிர்பார்ப்பதில் ஓர் அளவு வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் கடைக்கு ஓட வேண்டியதே இல்லை.

புளித்த பாலில் இருக்கும் பாக்டீரியா உடம்புக்கு நல்லது என்ற எண்ணத்தை அறிவியல் உலகில் பரப்பியவர் அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்த எலி மெட்ச்னிகாஃப். பாரிஸில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். நோய் எதிர்ப்பு சக்தி பற்றிய ஆராய்ச்சிக்காக 1908-ல் நோபல் பரிசு பெற்றார். பல்கேரிய கிராமத்து மக்கள் நீண்ட காலம் வாழ்வதற்கு அவர்கள் சாப்பிடும் புளித்த பால் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர் நம்பினார். தானும் அதைத் தினமும் குடித்தார். பிறகு ஜப்பானில் மினோரு ஷிரோட்டா என்ற விஞ்ஞானி 1930-ல் ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து வளர்த்தார். 1935-ல் அது 'யாகுல்ட்' என்ற பெயரில் சின்ன பாட்டிலுக்குள் வந்தது. இன்று சூப்பர் மார்க்கெட் ஃப்ரிட்ஜில் வரிசையாக நிற்கும் பாட்டில்களின் கதை இங்கிருந்து தொடங்குகிறது.

இதில் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். புரோபயாடிக் என்ற பெயருக்கு உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பும் சேர்ந்து கூட்டிய நிபுணர் குழு 2001-ல் ஒரு விளக்கம் கொடுத்தது. நுண்ணுயிர் உயிரோடு இருக்க வேண்டும், போதுமான அளவில் இருக்க வேண்டும், உடலுக்கு நன்மை செய்ய வேண்டும். அந்த நன்மையை ஆய்வு செய்து நிரூபித்தும் இருக்க வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் நம் வீட்டு மோரையும் நீராகாரத்தையும் புரோபயாடிக் என்று லேபிள் ஒட்டி விற்க முடியாது. எந்த வகை பாக்டீரியா, எத்தனை கோடி என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும், ஒவ்வொரு நாளுக்கும் அது மாறும்.

அதனால் வீட்டு மோர் மட்டமாகிவிடுமா? அப்படியில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 36 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2021-ல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு நார்ச்சத்து அதிகமுள்ள உணவு. மற்றவர்களுக்குத் தயிர், கெஃபிர், கிம்ச்சி, கொம்புச்சா என்று புளித்த உணவு. 10 வாரம் கழித்துப் பார்த்தபோது, புளித்த உணவு சாப்பிட்டவர்களின் குடலில் பலதரப்பட்ட பாக்டீரியா பெருகியிருந்தன. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதங்கள் பல குறைந்திருந்தன. சின்ன ஆய்வுதான். அவர்கள் சாப்பிட்டதும் தினம் ஒரு ஸ்பூன் இல்லை, வேளாவேளைக்கு நிறையவே சாப்பிட்டார்கள். ஆனாலும் அங்கே பலன் தந்தது லேபிள் ஒட்டிய ஒரே ஒரு பாக்டீரியா இல்லை, பல வகையான புளித்த உணவு. நமக்கு நம்பிக்கை தருவது இதுதான்.

சரி, எதில் ஆரம்பிப்பது? மோரில் ஆரம்பியுங்கள் என்றுதான் சொல்வேன்.

எல்லோரும் தினமும் செய்வதுதானே என்று தோன்றலாம். உண்மையில் எத்தனை வீடுகளில் இப்போது பால் உறைகிறது? கப் தயிர் வாங்குவது பழகிவிட்டது. வெளியே போனால் அட்டைப் பெட்டி மோர். ஃப்ரிட்ஜ் இல்லாமலே மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் பாக்கெட் மோர் என்றால் அது புளித்த பிறகு நன்றாகச் சூடுபடுத்தப்பட்டது என்று அர்த்தம். தாகம் தீரும், ஆனால் அதில் உயிருள்ள பாக்டீரியாவைத் தேடக் கூடாது.

பாலை நன்றாகக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, அரை லிட்டருக்கு ஒரு ஸ்பூன் உறைமோர் விட்டால் போதும். சூடாக இருக்கும்போதே விட்டால் உறைமோரில் இருப்பவை செத்துப்போகும். பால் திரிந்த மாதிரி நிற்கும். நன்றாக ஆறிய பிறகு விட்டால் உறைய நேரமாகும். மார்கழிக் குளிரில் பாத்திரத்தை அரிசி டப்பாவுக்குள் வைப்பது, துணி சுற்றி வைப்பது எல்லாம் அந்த வெதுவெதுப்பைக் காப்பாற்றத்தான். ஆறேழு மணி நேரத்தில் உறைந்ததும் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட்டால் அதற்கு மேல் அதிகம் புளிக்காது.

தயிரைக் கடைந்து மோராக்கும்போது ஊற்றுகிற தண்ணீரில் கவனம் தேவை. அதற்குப் பிறகு நாம் அதைக் கொதிக்க வைக்கப் போவதில்லை. ஆகவே காய்ச்சி ஆறிய தண்ணீர். தாளித்துக் கொட்டுவதாக இருந்தால் தாளிப்பு ஆறட்டும். பால் குடித்தால் வயிறு உப்புசம் ஆகிறது என்பவர்கள் பலருக்கும் மோர் ஒத்துக்கொள்ளும். பாலில் உள்ள சர்க்கரையில் ஒரு பகுதியை பாக்டீரியா ஏற்கெனவே தின்று தீர்த்திருக்கும். கடையில் ஒரு சின்ன பாட்டிலுக்குக் கொடுக்கிற காசுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் பால் வாங்கிவிடலாம். வீடு முழுக்க ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் குடிக்கலாம். அந்தப் பாட்டிலில் எவ்வளவு சர்க்கரை போட்டிருக்கிறார்கள் என்று பின்பக்கம் திருப்பியும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அடுத்தது நீராகாரம். எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பழைய சோறு என்றாலே நம்மில் பலருக்கு உள்ளுக்குள் ஒரு கூச்சம் இருக்கிறது. வேறு வழி இல்லாத வீட்டின் காலைச் சாப்பாடு என்று அதை ஒதுக்கிவைத்தோம். விருந்தாளி வரும்போது மறைத்துவைத்தோம். ஒடிசாவில் இதே உணவை 'பகாலா' என்று சொல்கிறார்கள். மார்ச் 20-ஆம் தேதியை பகாலா தினம் என்றே பெருமையாகக் கொண்டாடுகிறார்கள். வங்காளத்தில் அது 'பாந்தா பாத்'. நம் சென்னையிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மருத்துவர்கள் குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு உதவுமா என்று ஆராயத் தொடங்கியதைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். கூச்சப்பட என்ன இருக்கிறது?

சோறு ஆறும்போது அதிலுள்ள மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. அது நேரே பெருங்குடலுக்குப் போய் அங்கிருக்கும் நல்ல பாக்டீரியாவுக்குத் தீனியாகிறது. இரவெல்லாம் தண்ணீரில் ஊறும்போது லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியா வளர்கின்றன. காலையில் தண்ணீருக்கு அந்த இளம்புளிப்பு வருவது அப்படித்தான். தீனியும் அதைத் தின்கிறவையும் ஒரே சட்டியில்! அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு சோற்றை மட்டும் சாப்பிடுகிற வீடுகள் இருக்கின்றன. தயவுசெய்து கொட்டாதீர்கள்.

ஆனால் இதில்தான் கவனமும் அதிகம் வேண்டும். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். சோறு கொதித்தாலும் அவை சாவதில்லை. வெதுவெதுப்பான சோறு மணிக்கணக்கில் அப்படியே கிடந்தால் முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை உண்டாக்கிவிடும்; அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே மதியம் வடித்து, இரவு வரை குக்கரிலேயே மூடிக்கிடந்த சோறு பழைய சோற்றுக்கு ஆகாது. இரவுச் சாப்பாட்டுக்கு வடித்த சோற்றில் மிஞ்சியதை எடுத்து, ஒரு தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும்.

மண்சட்டி இருந்தால் நல்லது. இல்லையென்றால் எவர்சில்வர் பாத்திரமே போதும். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் புளிப்புக்கு ஒத்துக்கொள்ளாதவை. சோற்றுக்கு மேல் இரண்டு விரல் உயரம் தண்ணீர் நிற்கட்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை அடித்தால் நல்ல பாக்டீரியாவும் திணறும். காய்ச்சி ஆறவைத்து ஊற்றுங்கள். ஒரு ஸ்பூன் மோர் சேர்த்தால் புளிப்பு சீக்கிரம் ஏறும். புளிப்பு ஏற ஏறக் கெட்ட கிருமிகளுக்கு இடம் குறையும். புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த ஒரு ஸ்பூனை விட்டுவிடாதீர்கள்.

எவ்வளவு நேரம்? சித்திரை வெயிலில் சென்னையில் எட்டு மணி நேரம் தாராளம். ஊட்டியில் இருப்பவர்கள் பன்னிரண்டு மணி நேரம் கூட விடலாம். கடிகாரத்தைவிட மூக்கை நம்புங்கள். இளம்புளிப்பு வாசனையும் லேசாகக் கலங்கிய தண்ணீரும் இருந்தால் சரி. சோறு கொழகொழவென்று நூல் விட்டாலோ, நாற்றம் அடித்தாலோ, பச்சையாகவோ சிவப்பாகவோ நிறம் தட்டினாலோ யோசிக்காமல் கொட்டிவிட வேண்டியதுதான். மேலே பூஞ்சை பூத்திருந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டு மீதியைச் சாப்பிடுவதும் கூடாது. ஒரு கைப்பிடி சோறு வீணாவதைப் பார்த்து மனசு கேட்காதுதான். பிள்ளைகளுக்கு வாந்தி வந்து அலைவதைவிட அது பரவாயில்லை.

காலையில் கையால் பிசைந்து, உப்பு போட்டு, கொஞ்சம் மோர் விட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடியுங்கள். புழுங்கல் அரிசியில் ருசி கூடும். வெயிலில் வேலைக்குப் போகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

கூழ் பற்றிச் சொல்லாவிட்டால் ஆடி மாதம் கோபித்துக்கொள்ளும். கேழ்வரகுக் கூழைப் பழைய முறையில் செய்கிறவர்கள் மாவைத் தண்ணீரில் கரைத்து ஓர் இரவு புளிக்கவிடுவார்கள். மறுநாள் நொய்யோடு சேர்த்துக் காய்ச்சுவார்கள். காய்ச்சியதை மறுபடி ஓர் இரவு வைத்து, அடுத்த நாள்தான் மோர் விட்டுக் கரைப்பார்கள். ஏன் இரண்டு இரவு? முதல் இரவுப் புளிப்பில், கேழ்வரகிலுள்ள இரும்பையும் கால்சியத்தையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைக்கும் ஃபைடிக் அமிலம் குறைகிறது. அடுப்பில் ஏறியதும் அந்த பாக்டீரியா எல்லாம் செத்துவிடும். இரண்டாவது இரவும், கடைசியில் விடுகிற மோரும்தான் உயிருள்ளவற்றைத் திரும்பக் கொண்டுவருகின்றன. அவசரத்துக்கு அன்றே காய்ச்சி அன்றே குடிக்கிற கூழும் நல்ல உணவுதான். மோர் விட்டுக் குடித்தால் இன்னும் நல்லது. கம்மங்கூழுக்கும் இதே கணக்குதான். தள்ளுவண்டியில் குடிக்கிறவர்கள் கூழைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, அதில் கலக்கிற தண்ணீரையும் ஐஸையும் பற்றி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

'அப்படியானால் இட்லி, தோசையிலும் நல்ல பாக்டீரியா இருக்குமே?' என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். மாவில் இருக்கும், இட்லியில் இருக்காது. ஆவியில் வெந்ததும் அவை போய்விடும். ஆனால் மாவு புளித்ததால் வந்த நன்மை அப்படியே இருக்கும். செரிமானம் சுலபமாகும், சத்தும் நன்றாகச் சேரும். மோர்க்குழம்பும் அப்படித்தான். உயிரோடு வேண்டுமென்றால் புளித்த பிறகு அடுப்பு கூடாது என்று நினைவில் வைத்துக்கொண்டால் மற்றது எல்லாம் தானே விளங்கிவிடும்.

பால் வேண்டாம், சோறு வேண்டாம் என்பவர்களுக்கு வட இந்தியர்கள் ஹோலிப் பண்டிகைக் காலத்தில் செய்யும் காஞ்சியைச் சொல்லலாம். நம் ஊர்க் கஞ்சி இல்லை, இது வேறு. அங்கே கறுப்பு கேரட் போடுவார்கள். நமக்குச் சாதாரண கேரட்டும் ஒரு பீட்ரூட்டும் போதும். விரல் நீளத்துக்கு நறுக்கி, கண்ணாடி ஜாடியில் போட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீர், உப்பு, பொடித்த கடுகு சேர்த்து, வாயைத் துணியால் கட்டி மூன்று நான்கு நாள் வெயிலில் வைத்தால் புளித்துவிடும். கடுகின் காரம் மூக்கில் ஏறும். எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்புக்காக அளவோடு குடிக்க வேண்டும்.

கொம்புச்சா பற்றிக் கேட்டவர்களுக்கு: சர்க்கரை போட்ட டீயில் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் சேர்ந்த ஓர் ஆடையை மிதக்கவிட்டு ஒரு வாரத்துக்கு மேல் புளிக்க வைப்பது. நன்றாகத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தால் செய்து பாருங்கள். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை. நாள் கணக்கு நீள நீள, தவறு நுழைய வாய்ப்பும் கூடுகிறது. கொஞ்சம் சர்க்கரையும், சிறிதளவு ஆல்கஹாலும் அதில் இருக்கும்; கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் வேண்டாம். இஞ்சியும் சர்க்கரையும் போட்டுப் புளிக்க வைக்கும் சோடாவுக்கும் இன்னொரு எச்சரிக்கை உண்டு. மூடிய கண்ணாடி பாட்டிலில் வாயு சேர்ந்து பாட்டிலே வெடிக்கலாம். நம் ஊர் வெயிலுக்கு இது நிஜமான ஆபத்து.

இனி, அளவுக்கு மீறிய எதிர்பார்ப்பு பற்றி.

பழைய சோறு பற்றி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் பல வருடமாகச் சுற்றுகிறது. 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராம் இருக்கும் இரும்புச்சத்து, ஓர் இரவு ஊறியதும் 73.91 மில்லிகிராம் ஆகிவிடுகிறதாம். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: இரும்பு ஒரு தனிமம். பாக்டீரியாவால் அதைப் புதிதாக உண்டாக்க முடியுமா? சோற்றிலும் தண்ணீரிலும் பாத்திரத்திலும் இல்லாத இரும்பு எங்கிருந்து வரும்? புளிப்பதால், இருக்கிற இரும்பு உடம்பில் சேர்வது எளிதாகலாம். அதுவே நல்ல விஷயம்தான். ரத்தசோகை இருக்கிற பெண் இந்த ஃபார்வர்டை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குப் பழைய சோறும் சோறுதான். அளவு குறையட்டும், ஒரு டம்ளர் நீராகாரத்தோடு நிறுத்திக்கொண்டு, மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் முதலில் ஓ.ஆர்.எஸ். கரைசல்தான். அந்த இடத்தை எந்தப் புளித்த பானத்தாலும் நிரப்ப முடியாது. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் வீட்டில் புளிக்க வைத்த எதையும் மருத்துவர் சரி என்ற பிறகே தொட வேண்டும். பழக்கமே இல்லாதவர்கள் முதல் நாளே இரண்டு டம்ளர் குடித்தால் வயிறு கடமுடாவென்று கத்தும். கால் டம்ளரில் ஆரம்பித்து மெல்லக் கூட்டுங்கள்.

இன்னொரு விஷயமும் என் மனதில் இருக்கிறது. உறை ஊற்றுவது, சோற்றுக்குத் தண்ணீர் விடுவது, மாவு கரைப்பது எல்லாமே இரவு கடைசி வேலை. எல்லோரும் படுத்த பிறகு அம்மா ஒருத்தி நின்று செய்கிற வேலை. பாட்டில் வாங்குவது பல வீடுகளில் ஆடம்பரத்தால் வந்தது இல்லை, அந்த நேரத்தில் உடம்பில் தெம்பு இல்லாததால் வந்தது. 'வீட்டிலேயே செய்யுங்கள்' என்று எழுதிவிட்டு, யார் செய்வது என்று கேட்காமல் விட்டால் அது நியாயமா? பால் சூட்டை விரலால் பார்த்து உறைமோர் விடப் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். சோற்றை ஆறவைத்துத் தண்ணீர் ஊற்ற அப்பாவுக்கு ஐந்து நிமிடம் போதும். இந்த வேலைகளில் ஒன்றையாவது இந்த வாரமே வேறொரு கைக்கு மாற்றுங்கள். அது பழகிவிட்டால் காலை டம்ளர் தானாகத் தொடரும்.

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். ஒரே மாவட்டத்துக்குள்ளேயே கூழும் நீராகாரமும் வீட்டுக்கு வீடு மாறுகின்றன. உங்கள் வீட்டில் எந்தப் பாத்திரம், எந்த அரிசி, எத்தனை மணி நேரம், கூட எதைக் கடித்துக்கொள்வீர்கள் என்று எழுதுங்கள். 'கெட்டுப்போச்சு, கொட்டிடு' என்று உங்கள் பாட்டி எதைப் பார்த்துச் சொல்வார்? அதை மறக்காமல் எழுதுங்கள். சமையல் குறிப்புகளில் யாரும் எழுதாமல் விடுவது அந்த ஒரு வரியைத்தான். வருகிற கடிதங்களை மாவட்டவாரியாகத் தொகுத்து, உணவியல் நிபுணர் ஒருவரின் குறிப்புகளோடு வெளியிடலாம் என்று இருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்